வண்டியைத் தூக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை



பழைய சுமோ, பொலிரோ, ஸ்கார்ப்பியோ, குவாலிஸ்னு ஏதாவது ஒண்ணை வாங்கி, வீட்டு வாசல்லயே ஜாக்கி வச்சு, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல கட்டை குடுத்து ரெண்டு இஞ்ச் தூக்குறது இப்போ தொத்து வியாதி மாதிரி பரவுது. "பாடி லிஃப்ட்"னு பேரு. சனிக்கிழமை ஆனா மெட்ராஸ்ல இருந்து திண்டிவனம் தாண்டி வர்ற வண்டிங்கள்லயும் பாக்குறேன், விழுப்புரம் சுத்துவட்டாரத்துப் பசங்க வண்டியிலயும் பாக்குறேன். ஒரு சாமான் பெட்டியும் செல்போன்ல ஒரு வீடியோவும் இருந்தா போதும், ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடலாம்னு சொல்லிக் குடுக்குறாங்க.

இது வேணாம்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. நான் இன்ஜினியர் இல்ல, பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனா 2004 மாடல் டீசல் வண்டி ஒண்ணை வச்சு இருவது வருசமா கழனிக்கும் கமிட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கேன். வண்டிக்கு அடியில படுத்து எழுந்த கணக்கு எனக்கும் இருக்கு.

முதல்ல ஒரு சின்ன விஷயம். இந்த மாதிரிப் பழைய வண்டிங்கள்ல சேசிஸ் தனி, பாடி தனி. ஏணியைப் படுக்க வச்ச மாதிரி கீழ இரும்புச் சட்டம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங், சக்கரம் எல்லாம் அந்தச் சட்டத்தோட சேந்தது. நாம உக்கார்ற கூடு அதுக்கு மேல எட்டு, பத்து எடத்துல ரப்பர் புஷ் வச்சு போல்ட்டு போட்டு உக்காந்திருக்கு. பாடி லிஃப்ட்னா அந்த ரப்பருக்குப் பக்கத்துல இன்னொரு கட்டை வச்சு, நீளமான போல்ட்டு போட்டு முறுக்குறது. அவ்வளவுதான். கூடும் சட்டமும் ஒண்ணா இருக்குற இப்பத்திய வண்டிங்களுக்கு இது செய்யவே முடியாது.

இப்போ என் கேள்வி. தூக்குன பிறகு எது உயர்ந்துச்சு?

சீட்டு உயர்ந்துச்சு, கண்ணாடி உயர்ந்துச்சு, பாக்குறவன் கண்ணுக்கு வண்டி உயர்ந்துச்சு. கீழ இருக்குற ஹவுசிங் ஒரு நூல் கூட உயரல. சைலன்சர், டீசல் டேங்க், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய எடத்துலயேதான் தொங்குது. மேட்டுல தட்டுறது இந்த சாமானுங்கதானே? கழனி வரப்புல மாட்டுறது ஹவுசிங்தானே? தலைக்கு முண்டாசு கட்டிக்கிட்டா கால்ல முள்ளு குத்தாதுன்னு சொல்ற கணக்கா இருக்கு.

"இல்ல ஐயா, தூக்குனாதான் பெரிய டயர் போட எடம் கிடைக்கும்"னு தம்பிங்க சொல்வாங்க. சரி, அது நியாயமான பதில். வெளிநாட்டுல பாடி லிஃப்ட்டோட உண்மையான உபயோகமே அதுதான். கணக்குப் போட்டுப் பாப்போம். 215/75 ஆர் 15 டயரோட மொத்த உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். அதை எடுத்துட்டு 235/75 ஆர் 15 போட்டா 733. வித்தியாசம் 30. அதுல பாதிதான் அச்சுக்குக் கீழ வரும். ஆக ஹவுசிங் உயர்ந்தது 15 மில்லி, ஒன்றரை சென்டிமீட்டர். அதுக்கு மீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள்ளு 60 காட்டும்போது வண்டி 62, 63ல போய்க்கிட்டு இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டருக்காக வண்டியோட கூட்டை எலும்புல இருந்து பிரிக்கணுமா?

அடுத்தது, வீட்டுலயே செய்யறது. கட்டை வச்சு போல்ட்டு முறுக்குறது வேலையில கால்வாசிதான். ஸ்டியரிங் வீல் பாடியில இருக்கு, ஸ்டியரிங் பெட்டி சேசிஸ்ல இருக்கு. நடுவுல இருக்குற ராடு இழுபடும். பிரேக் சிலிண்டர் பாடியில, சக்கரம் கீழ. நடுவுல போற பைப்பும் இழுபடும். டீசல் ஊத்துற வாய் பாடியில, டேங்க் சேசிஸ்ல. அந்த ஓஸும் இழுபடும். கியர் ராடு கீழயே நிக்க, தரை மட்டும் மேல போயிடும். ஓட்டையோட விளிம்புல ராடு இடிச்சு கியர் விழாது. ரேடியேட்டர் பாடியோட சேந்த வண்டின்னா ரேடியேட்டர் மேல போயிடும், ஃபேன் இன்ஜினோட பழைய எடத்துலயே சுத்தும். ஹேண்ட் பிரேக் ஒயர், எர்த் ஒயர், பம்பர்னு இந்தப் பட்டியல் இன்னும் போகும். இது ஒவ்வொண்ணுக்கும் சரியான நீட்டு சாமான், சரியான தாங்கி வேணும். வீடியோவுல ரெண்டு நிமிசம் வேகமா ஓட்டிக் காட்டுறது இந்த எடத்தைத்தான்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர் இப்படித்தான் செஞ்சார். லேத்துப் பட்டறையில நைலான் ராடைத் துண்டு துண்டா வெட்டி வாங்குனார். போல்ட்டு கடையில கிடைச்ச போல்ட்டு. என்ன கிரேடுன்னு கேக்கல, தலையில நம்பர் இருக்கான்னும் பாக்கல. ரெண்டு ஜாக்கி, நாலு பனங்கட்டை. சாயந்திரம் வண்டி கம்பீரமாத்தான் நின்னுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஸ்டார்ட் பண்ணதும் ஃபேன் கூட்டுல தட்டுச்சு. கூட்டையே கழட்டி வீசிட்டார். ரிவர்ஸ் விழல. தரையை வெட்டி விட்டார். ஒரு மாசம் ஓட்டுனார். அந்த மாசத்துல அவங்க அத்தையை ரெண்டு தடவை ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போய் வந்தார். அப்புறம் ஆயில் மாத்தப் போனப்போ மெக்கானிக் அண்ணன் கீழ பாத்துட்டு வெளிய வந்து, எதுவும் பேசாம அவரைக் கையைப் பிடிச்சு உள்ள குனிய வச்சுக் காட்டியிருக்கார். ஸ்டியரிங் ராடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி இருக்குற எடத்துல, பல்லு கொஞ்சமே கொஞ்சம்தான் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். பெரிய பள்ளத்துல ஒரு குலுக்கு குலுக்கியிருந்தா வீல் கையில இருக்கும், வண்டி தன் பாட்டுக்குப் போகும்.

இதை நான் ஏன் இவ்வளவு கோவமா சொல்றேன்னா, கிராமத்துல வண்டி ஒருத்தரோடது இல்ல. ஆர்.சி.யில ஒரு பேரு இருக்கும், ஏர்றது ஊரே ஏறும். ராத்திரி வலி எடுத்த பொண்ணு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறது இதே வண்டியிலதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, மல்லாட்டை மூட்டை, மயிலம் கோயிலுக்குப் போற கெழவிங்க எல்லாரும் இதுலதான். தூக்குன வண்டியில முட்டி வலிக்கார அம்மா ஒருத்தர் புடவையைப் பிடிச்சுக்கிட்டு ஏர்றதை ஒரு தடவை நின்னு பாருங்க.

பழைய வண்டின்னு சொன்னேனே, அதுல இன்னொரு ஆபத்து இருக்கு. துரு. மரக்காணம் பக்கம் உப்பளக் காத்துல நின்ன வண்டியோ, பொட்டாஷும் யூரியாவும் ஏத்துன வண்டியோ இருந்தா தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்க. பொட்டாஷும் ஒரு உப்புதான். மூட்டையில இருந்து சிந்துனது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னுடும். பாடி உக்கார்ற தாங்கிங்கதான் சேறு தங்கி முதல்ல அரிக்கிற எடம். அரிச்ச தாங்கியில ரெண்டு இஞ்ச் கட்டையையும் நீள போல்ட்டையும் போட்டா, வளைவுல திரும்பும்போது அந்த போல்ட்டு நெம்புகோல் மாதிரி தாங்கியை நெம்பும். மேல பாரமும் ஏறியிருக்கு. சீட் பெல்ட் மாட்டியிருக்குறது பாடியில. பாடியே சேசிஸை விட்டுக் கிளம்பிட்டா பெல்ட்டு எதைப் பிடிச்சு உங்களைக் காப்பாத்தும்?

தூக்குன வண்டியோட ஹெட்லைட்டும் ரெண்டு இஞ்ச் மேல போயிடும். அதை இறக்கி வைக்கிற ஆளை நான் இன்னும் பாக்கல. விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் வரைக்கும் ராத்திரி டூவீலர்ல வர்றவங்களைக் கேளுங்க, அந்த வெளிச்சம் எங்க வந்து அடிக்குதுன்னு சொல்வாங்க.

சட்டத்துக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, கம்பெனி குறிச்சுக் குடுத்ததுக்கும் ஆர்.சி.யில இருக்குறதுக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேந்துச்சு. அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி ரெண்டும். கேஸ் கிட் போடறதுக்கும், மாற்றுத் திறனாளிங்களுக்கு ஏத்த மாதிரி மாத்துறதுக்கும் சட்டத்துலயே வழி இருக்கு. பாடி லிஃப்ட்டுக்கு இல்ல. 15 வருசம் முடிஞ்ச வண்டியை அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்கணும். அன்னைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் கீழ குனிஞ்சு பாத்தா என்ன சொல்வீங்க? வண்டி மோதுன அன்னைக்கு இன்சூரன்ஸ்காரன் காரணம் தேடிக்கிட்டு இருப்பான். நீங்களே ரெண்டு இஞ்ச் காரணத்தைச் செஞ்சு வச்சிருப்பீங்க.

"ஆஸ்திரேலியாவுல செய்யறாங்களே"ன்னு கேக்குறாங்க. செய்யறாங்க. அங்க மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவுதான் தூக்கலாம்னு அளவு இருக்கு, அளவு தாண்டுனா இன்ஜினியர் பாத்துச் சான்று குடுக்கணும். அந்தந்த வண்டிக்குன்னே செஞ்ச கட்டை, ராடு, தாங்கி கிடைக்குது. நம்ம ஆளுங்க படத்தை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு, சான்றை அங்கயே விட்டுட்டாங்க.

கடைசியா, எல்லாரும் சொல்ற பெரிய காரணம். வெள்ளம். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. சாத்தனூர் அணையில இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்து தென்பெண்ணை ரெண்டு கரையும் தாண்டி ஓடுச்சு. அரசூர்கிட்ட திருச்சி ரோடே தண்ணிக்குள்ள போச்சு, விக்கிரவாண்டி பக்கம் ரயிலை நிறுத்துனாங்க. அதுக்கப்புறம்தான் எங்க பக்கம் இந்தக் கட்டை வைக்கிற பைத்தியம் அதிகமாச்சு. பசங்க பயந்தது நியாயம். ஆனா ரெண்டடி உயரத்துக்கு வேகமா ஓடுற தண்ணி பெரிய காரையே தள்ளிக்கிட்டுப் போயிடும். ரெண்டு இஞ்ச் கட்டை அங்க என்ன பண்ணும்? ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர் எல்லாம் இன்ஜினோட பழைய உயரத்துலயே இருக்கு. அன்னைக்கு ஜனங்களை வெளிய கொண்டு வந்தது படகும் டிராக்டரும்தான்.

என் கோவம் பசங்க மேல கொஞ்சம்தான். மீதி எல்லாம் ரோடு மேல. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போக இன்னும் தரைப்பாலம். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையும் ஒரு நல்ல மழைக்கு அது முழுகும், வெள்ளம் வடியற வரைக்கும் அந்தப் பக்கத்து ஜனம் தீவு. வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரத்துல, 3.7 மீட்டர் அகலத்துக்குச் சாய்வா ஏறி இறங்கணும்னு இந்திய சாலை காங்கிரஸ் எழுதியே வச்சிருக்கு. எங்க ஊர் மேடுங்க படுக்க வச்ச பனமரம் மாதிரி இருக்கு. ரோடு சரியில்லன்னு கேக்க வேண்டிய எடத்துல கேக்காம, ஆளுக்கு ஆள் காசு போட்டு வண்டியைத் தூக்கிக்கிட்டா, நடந்து போறவனும் சைக்கிள்காரனும் எதைத் தூக்கிக்குவான்? வசதி உள்ளவன் எல்லாம் தனக்குத் தனியா வழி பண்ணிக்கிட்டா பொது வழி அப்படியேதான் கிடக்கும். மினரல் வாட்டர் வந்து ஊர்க் கெணறு தூர்ந்த கதை நமக்குத் தெரியாதா?

அதனால பழைய வண்டி வச்சிருக்குற எல்லாருக்கும் சொல்றது இதுதான். கையில காசு இருந்தா செத்துப்போன பாடி புஷ்ஷை எல்லாம் மாத்துங்க, நசுங்குனது நிமிரும். படிஞ்சு போன ஸ்பிரிங் பட்டையைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டு வாங்க. ஷாக் அப்சார்பர் பாருங்க. கம்பெனி சொன்ன அளவுலயே நல்ல பல்லுள்ள டயர் போடுங்க. துரு பிடிச்ச தாங்கியைத் தெரிஞ்ச வெல்டர்கிட்ட காட்டுங்க. பின்னாடி ஒரு மம்முட்டி, ஒரு கயிறு. எங்க களிமண்ணுல மாட்டுன வண்டியை நான் இதுவரைக்கும் எடுத்தது இந்த ரெண்டாலதான்.

அப்புறம் ஊர்ல வேர் இருக்குற பட்டணத்து ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க ஓட்டு இன்னும் ஊர்ல இருந்தா அதுல ஒரு நாளாவது வந்து உக்காந்து, தரைப்பாலத்தை மேம்பாலமாக்கணும்னு தீர்மானம் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. தூக்குற ஆசை இருந்தா அதைத் தூக்குவோம். பாலம் உயர்ந்தா எல்லா வண்டியும் உயர்ந்த மாதிரி.