கார் ஆலைக்குப் பக்கத்தில் கற்காலம்!

குட்டீஸ், ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போயிருக்கிறீர்களா? வழியெங்கும் கார், டயர், செல்போன் ஆலைகள்தான். ஆனால், இதே மண்ணில் கல்லையே கருவியாக்கி வேட்டையாடிய மனிதர்கள் வாழ்ந்தார்கள், தெரியுமா?

ஒரகடம் அருகே வடக்குப்பட்டு கிராமத்தில், 2022-ம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. ஆதிமனிதர்களின் கற்கருவிகள் கிடைத்தன. ரோமானிய ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. கடல் கடந்த வணிகத்துக்கு அவை சாட்சி!

இந்த வட்டாரத்தில் கல்வட்டங்களும் உண்டு. பாறைகளை வட்டமாக நட்டு வைத்திருப்பார்கள். அடியில் முதுமக்கள் தாழியோ, கால்கள் வைத்த சுடுமண் பேழையோ இருக்கும். இரும்புக்காலத்தில் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவிடங்கள் இவை.

ஆபத்து என்னவென்றால், பார்க்க இவை வெறும் பாறைகள்தான்! நிலத்தைச் சமப்படுத்தும்போது பொக்லைன் ஒரே நாளில் வாரிவிடும். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்கிறது சட்டம். பட்டியலில் சேராத இடங்களுக்கோ இந்தக் காவல் இல்லை.

அப்படியானால் ஆலைகள் வேண்டாமா? வேண்டும். பலருக்கும் சோறு போடுவது அவைதானே! தோண்டுவதற்கு முன் நிலத்தை ஒருமுறை ஆய்வு செய்தால், இரண்டையும் காப்பாற்றலாம்.

உங்கள் ஊரில் கல்வட்டமோ, பழைய பானை ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடமும் ஆழமும்தான் அதன் வயதைச் சொல்லும். படம் எடுத்து, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். நீங்களும் வரலாற்றின் காவலர்தான்!