கண்ணாடி வந்துவிடும், அளவெடுக்க யார் வருவார்?

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 2017-ஆம் ஆண்டு ஓர் எளிய சோதனை நடந்தது. நாற்பது வயதைத் தொட்ட, தூரப் பார்வை நன்றாக இருந்து கிட்டத்தில் மட்டும் மங்கிப்போன 751 தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து நாளொன்றுக்கு 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவுக்கு ஏறியது. கண்ணாடி இல்லாதவர்களின் பறிப்பும் அந்த மாதங்களில் கூடத்தான் செய்தது, ஆனால் 26 கிலோவிலிருந்து 30.6 கிலோ வரைதான். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கண்ணாடியால் மட்டும் கிடைத்த உயர்வு 21.7 சதவீதம் என்றும், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அது 31.6 சதவீதம் என்றும் 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். ஒரு கண்ணாடிக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவோடு சேர்த்து, ஆனது பத்து டாலர் சொச்சம். மருந்து, ஊசி, அறுவை எதுவும் இல்லாமல் இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய பலன் தரும் மருத்துவ உதவி வேறொன்றைச் சொல்வது கடினம்.

இந்த ஆய்வு நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. தேவாலா, சேரம்பாடி, ஓவேலி என்று எந்தப் பக்கம் போனாலும் இங்கே தேயிலைதான் பிழைப்பு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தொடங்கிய திட்டமே பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அதற்குப் பக்கத்தில் தனியார் எஸ்டேட்டுகள், அவற்றைச் சுற்றிலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடுப்பளவு செடியின் மேற்பரப்பில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே எழும்பி நிற்கிறது, எது முற்றிவிட்டது என்று பிரித்தறிவது கை எட்டும் தூரத்துக்குள் நடக்கிற வேலை. வெள்ளெழுத்து மறைப்பதும் சரியாக அந்தத் தூரத்தைத்தான். இப்போது கொழுந்து வெட்டக் கத்தரி வந்துவிட்டதே, கண்ணுக்கு அவ்வளவு வேலையில்லையே என்று கேட்கலாம். கத்தரி போட்டு வெட்டும்போது முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து விழுவதும், தரம் குறைந்த பச்சை இலைக்கு விலை குறைவதும் தோட்டத்தில் தெரியாத விஷயமில்லை. தோட்டத்துக்கு வெளியிலும் கதை இதேதான். வங்கதேசத்தின் கிராமங்களில் 35 முதல் 65 வயது வரையுள்ள 824 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம், பெறாதவர்களைவிட 33.4 சதவீதம் அதிகமாக இருந்தது. தையல், கைவினை, சிறுகடை என்று எழுத்தே படிக்காமல் செய்கிற வேலைகளும் அதில் உண்டு.

கண்ணாடியின் விலை இன்று பெரிய தடையில்லை. இணையத்தில் ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் பவர் கண்ணாடி வாங்கலாம். பார்வைத் திருத்தக் கண்ணாடி மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியில் அதனால் மிச்சமாவது எழுபது ரூபாய். சேரம்பாடியிலிருந்தோ ஓவேலியிலிருந்தோ ஊட்டிக்குக் கண் காட்டப் போகும் பெண்ணுக்கு அந்த எழுபது ரூபாய் போக்குவரத்துக்கே போதாது. கூடலூரிலிருந்து மட்டும் ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், அதுவும் நடுவட்டம் வழியாக மலைப்பாதை. மழைக்காலத்தில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு வருகிறவரின் சம்பளமும் போகும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் அன்றைக்கு வேறு வேலையும் ஓடாது. கண்ணாடி மலிந்த அளவுக்குக் கண் பரிசோதனை மலியவில்லை. கூடலூரின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இணையவழி விற்பனையைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் கண்ணாடியின் விலையைப் பற்றியே பேசுவதால், இது பேச்சிலேயே வராமல் போகிறது.

கண் மருத்துவமனையில் கொடுக்கும் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வலது கண், இடது கண் என்று இரண்டு வரி. அதில் ஸ்பெரிகல் என்பது கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ உரிய பவர், மைனஸிலோ பிளஸிலோ. சிலிண்டர் பவரும் ஆக்சிஸும் கருவிழியின் வளைவு எந்தப் பக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு. நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கிட்டத்தில் பார்க்கக் கூடுதலாகச் சேர்ப்பது ஆட். இவ்வளவும் இருக்கும். பல சீட்டுகளில் விடுபட்டுப்போவது கடைக்காரர்கள் பி.டி. என்று சொல்லும் ஓர் எண்: இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது. லென்ஸின் நடு எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். கடைக்கு நேரில் போனால் எதிரே உட்கார்ந்து அளவுகோலை வைத்து எடுத்துவிடுவார்கள், அரை நிமிட வேலை. இணையத்தில் வாங்கும்போது இந்த எண் இல்லையென்றால் செல்போன் கேமராவை நம்ப வேண்டும், அல்லது 63 என்பது போன்ற ஒரு சராசரியை ஏற்றுக்கொள்ள வேண்டும். மைனஸ் ஒன்று பவர் உள்ளவருக்கு இதில் ஐந்து மில்லிமீட்டர் தவறினாலும் இரண்டு கண்ணுக்குமாகச் சேர்ந்து அரை பிரிசம் அளவுதான் கோணல் வரும், பெரும்பாலோர் சமாளித்துவிடுவார்கள். மைனஸ் ஆறு உள்ளவருக்கு அதே ஐந்து மில்லிமீட்டர் மூன்று பிரிசம் ஆகிவிடும். தலைவலி வரும், சிலருக்கு உருவம் இரண்டாகத் தெரியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் என்றால் பி.டி. மட்டும் போதாது. அந்த ஃபிரேமை முகத்தில் மாட்டி, கண்மணி எந்த உயரத்தில் விழுகிறது என்றும் குறிக்க வேண்டும்.

இணையக் கண்ணாடியை எதிர்ப்பவர்கள் சொல்லும் வலுவான ஆதாரத்தை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பத்து இணைய விற்பனையாளர்களிடமிருந்து வரவழைத்த 154 கண்ணாடிகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 44.8 சதவீதக் கண்ணாடிகள் பவர் அளவிலோ உடையாமல் தாங்கும் தரத்திலோ ஏதாவதொன்றில் தேறவில்லை. இந்த எண்ணைக் காட்டி, இணையத்தில் வாங்கவே கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த ஆய்வு பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையது, வேறு நாட்டுச் சந்தையைப் பற்றியது. ஆனாலும் அதிலுள்ள எச்சரிக்கை உண்மையானது. தவறு நேரலாம் என்பதால், வாங்கிய கண்ணாடியைச் சரிபார்க்க ஓர் இடம் அருகில் வேண்டும். லென்ஸோமீட்டர் என்ற சிறு கருவியில் வைத்தால் பவரும் நடுப்புள்ளியும் சீட்டோடு பொருந்துகிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொரு சாட்சி சந்தையிலேயே இருக்கிறது. இணையத்தில் தொடங்கி வளர்ந்த லென்ஸ்கார்ட் இன்று இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகளை நடத்துகிறது. கண்ணை அளக்கவும் ஃபிரேமை முகத்துக்கு வளைத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அந்தக் கடைகள் நகரங்களைத் தேடித்தான் போகும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தேடி வரும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

ஆகவே யாருக்கு இணையக் கண்ணாடி பொருந்தும் என்பதில் தெளிவு வேண்டும். இருபது வயதைக் கடந்தவர், சமீபத்தில் எடுத்த சீட்டு கையில் இருப்பவர், ஒரே பவர் லென்ஸ், அதுவும் குறைந்த பவர் போதுமானவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். பழைய கண்ணாடியின் ஃபிரேம் அளவைத் தண்டின் உட்புறத்தில் பார்த்து அதே அளவில் வாங்கினால் முகத்திலும் பொருந்தும். அதிகப் பவர், சிலிண்டர் பவர் கூடுதலாக உள்ளவர்கள், புரோகிரசிவ் தேவைப்படுகிறவர்கள் நேரில் போவதே நல்லது. குழந்தைகளுக்கு இணையத்தில் வாங்கவே கூடாது என்பேன். பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பதிவுபெற்ற வல்லுநரின் மேற்பார்வையில்தான் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வளரும் கண்ணில் தவறான பவர் செய்யும் கெடுதல் பெரியவர்களுக்குச் செய்வதைப் போல வெறும் தலைவலியோடு முடிவதில்லை. நாற்பதைக் கடந்து வெறும் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்கோ இணையமும் வேண்டாம், தனியாகச் செய்யும் லென்ஸும் வேண்டாம். பிளஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை ஆயத்தமாகக் கிடைக்கும் கண்ணாடிகளில் பொருந்துவதைப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவர்கள் இங்கே கவலைப்படுவது நியாயமே. கண்ணாடி எளிதாகக் கிடைத்தால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். வலியே காட்டாமல் பார்வையைத் தின்னும் கண் நீர் அழுத்தமும், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பும் கவனிக்கப்படாமல் போகும் என்கிறார்கள். ஆனால் கூடலூர் நிலவரத்தில் இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. கண்ணாடி எட்டாக்கனியாக இருந்த காலத்திலும் இந்த மலையில் யாரும் பரிசோதனைக்குக் குவிந்துவிடவில்லை. கண்ணாடி கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் கண்ணைக் காட்டவே வருவார். வந்தவரிடம் சர்க்கரை இருக்கிறதா, பார்வை ஓரத்தில் சுருங்குகிறதா என்று கேட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்ப அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கும். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை தன் முகாம்களில் அங்கேயே லென்ஸ் பொருத்திக் கையோடு கண்ணாடி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது இந்தக் காரணத்தால்தான். சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் பலர் கண்ணாடியே வாங்குவதில்லை.

ஊரில் இருக்கும் கண்ணாடிக் கடைக்காரரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். இதுவரை அவர் அளவெடுப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் ஃபிரேமைத் திருத்துவதற்கும் தனியாகக் கூலி வாங்கியதில்லை. எல்லாவற்றையும் கண்ணாடி விலைக்குள்ளேயே வைத்துவிட்டார். அதனால்தான் இணைய விலைக்கு முன்னால் அவர் கொள்ளைக்காரராகத் தெரிகிறார். அளவுக்கு இவ்வளவு, வெளியே வாங்கிய கண்ணாடியைச் சரிபார்க்க இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்து வாங்கட்டும். மலைப்பகுதியில் அவருடைய கைத்திறமைக்குத் தேவை குறையாது.

அரசு செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குப் பணமே தேவையில்லை. அமெரிக்காவில் 1978 முதல், கண் பரிசோதனை முடிந்ததும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கூடுதல் கட்டணமில்லாமல் சீட்டை நோயாளியிடம் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, முகாம் எதுவானாலும் பவரோடு பி.டி.யும் எழுதித்தான் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். அந்த எண் கையில் இருக்கும் பெண்ணுக்குக் கூடலூர்க் கடையும் ஒன்று, கோழிக்கோட்டுக் கடையும் ஒன்று, இணையமும் ஒன்று. எங்கே மலிவோ அங்கே வாங்குவார். ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்ன செய்வார் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளையிடமோ ஊரில் உள்ள இ-சேவை மையத்திலோ சீட்டைக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். சீட்டே இல்லாமல் போனைக் கையில் வைத்து ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, அளவெடுப்பவர் தோட்டத்துக்கு வர வேண்டும். தெலங்கானாவில் 2018 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கண்ட்டி வெலுகு திட்டத்தின் முதல் கட்டத்திலேயே ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கண் பார்த்தார்கள். வாசிப்புக் கண்ணாடியை முகாமிலேயே கொடுத்தார்கள். தனிப் பவர் தேவைப்பட்டவர்களுக்கு வேறிடத்தில் செய்து பிறகு அனுப்பினார்கள். இணைய விற்பனையின் வேலை முறையும் இதுதான், பொதுச் செலவில் நடந்தது என்பதுதான் வேறுபாடு. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதே ஊழியர் பையில் கிட்டத்தில் பார்க்கும் திறனைச் சோதிக்கும் அட்டை ஒன்றும் மூன்று நான்கு பவரில் ஆயத்தக் கண்ணாடிகளும் இருப்பதற்கு என்ன தடை? படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துக்குப் பதில் குறிகள் போட்ட அட்டை உண்டு. பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் கூடலூரில் எழவே கூடாது. இங்கே இயங்கும் அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்து ஒரு மருத்துவமனையையே நடத்திக் காட்டியிருக்கிறது.

எஸ்டேட் நிர்வாகங்களுக்கும் இதில் கடமை உண்டு. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தப் பொறுப்பு இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. அசாம் கணக்கு சரியென்றால், கண்ணாடிக்குச் செலவழிக்கும் நிர்வாகத்துக்கு அந்தப் பணம் கொழுந்து எடையிலேயே சில வாரங்களில் திரும்பிவிடும். டான்டீயில் முதலாளி அரசுதான், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் வரும் பறிப்புப் பருவத்துக்குள் எடைக் கொட்டகையிலேயே கண் பார்த்து, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியை அங்கேயே கொடுத்து, மற்றவர்களுக்குப் பி.டி.யோடு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரின் எடைக் கணக்கும் டான்டீயின் பதிவேட்டில் எப்படியும் இருக்கும். அதை ஒப்பிட்டு வெளியிட்டால், நீலகிரியின் மற்ற எஸ்டேட்டுகளிடம் பேச வேறு ஆதாரம் தேட வேண்டியிருக்காது.