செவிக்கும் தொலைபேசிக்கும் இடையே ஓர் ஏகபோகம்

1876 ஆம் ஆண்டிலே தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவிப்புலனற்ற மாணவர்க்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் இழந்தவர்களே. அத்தகைய ஒருவர் ஆக்கிய கருவி, அவர்களையொத்தோரை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்தது வரலாற்றின் முரண். அம்முரண் இன்று தீர்ந்துவிட்டது என்பார் உளர். கொக்லியர் உள்வைப்புப் பெற்றவர், கம்பியின்றி, கையிலே எதனையும் பிடியாது தொலைபேசியிற் பேசும் காலம் வந்துவிட்டது என்பது அவர்தம் வாதம். வந்தது உண்மை, யாருக்கு வந்தது, எந்நிபந்தனையின் பேரில் வந்தது என்பதே நம் வினா.

கொக்லியர் உள்வைப்பு, ஒலியைப் பெருக்கித் தரும் கருவியன்று. செவிக்குப் பின்னே அணியப்படும் செயலி, ஒலியை மின்குறிகளாக மாற்றித் தோலினூடாக உள்ளே அனுப்புகின்றது. உட்செவியின் நத்தைச்சுருளிற் பதிக்கப்பட்ட மின்வாய்கள் செவிநரம்பை நேரே தூண்டுகின்றன. பல்லாயிரம் மயிர்க்கலங்களின் பணியை, இன்று வழக்கிலுள்ள கருவிகளில் 12 முதல் 22 வரையான மின்வாய்களே ஆற்றுகின்றன. பழைய தொலைபேசி முறையோ ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேட்ஸ் வரையான மீடிறன்களை மாத்திரமே கடத்துவது. ஏற்கெனவே சுருங்கிய ஒலி இன்னுமொரு குறுகிய வாயிலினூடு புகவேண்டும். பேசுபவரின் உதட்டசைவும் துணைக்கு இல்லை. செயலியின் ஒலிவாங்கி காதுத்துளைக்கு வெளியே இருப்பதனால், தொலைபேசியை அதற்கு நேரே பிடித்தல் வேண்டும். சற்று விலகினால் சொல் போய்விடும், அறையின் இரைச்சல் புகுந்துவிடும்.

இவ்விடரைக் குறைத்தது ஒரு சாதாரண செப்புக் கம்பிச்சுருள். தொலைபேசியிலிருந்து கசியும் காந்தப்புலத்தை அது பற்றிக்கொள்ளும். அறையின் இரைச்சல் அதனுட் புகாது. ரெலிகொயில் எனப்படும் இச்சுருளின் சிறப்பு அதன் பொதுமையே. எக்கம்பனியின் செயலியும் எக்கம்பனியின் தொலைபேசியோடும் யாருடைய அனுமதியுமின்றி இணையலாம். ஆயினும், அப்பொதுமை தானாக நிலைக்கவில்லை. தொலைபேசிகள் செவித்துணைக் கருவிகளுக்கு இயைந்தனவாக இருத்தல் வேண்டும் என 1988 இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமியற்ற வேண்டியிருந்தது. அச்சட்டமும் கைத்தொலைபேசிக்கு விலக்களித்தது. அவ்விலக்கைத் தளர்த்த 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

சுருளுக்கும் குறைகள் உண்டு. அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது பற்றும். தொலைபேசியை உரிய கோணத்திற் பிடிக்கவும் வேண்டும். கம்பியில்லா இணைப்பு இவற்றைப் போக்கியதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது வந்த விதத்தை நோக்குக. முதலில், தொலைபேசியின் புளூடூத் ஒலியை வாங்கிச் செயலிக்கு அஞ்சல் செய்யும் இடைக்கருவிகள் வந்தன. சட்டையிற் கொளுவுவது, கழுத்தில் மாட்டுவது என ஒவ்வொரு கம்பனிக்கும் வெவ்வேறு. 2017 இல் கொக்லியர் கம்பனியின் நியூக்கிளியஸ் 7 செயலி இடைக்கருவியின்றி நேரே தொலைபேசியோடு இணைந்தது. எத்தொலைபேசியோடு? அப்பிளின் ஐபோனோடு. அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கெனக் கூகிள் தனக்கொரு முறையை 2018 இல் அறிவித்தது. ஐபோனின் தொடக்க முறையில் எதிர்முனைக் குரல் செவிக்கு வந்தது. நமது குரலையோ தொலைபேசியின் ஒலிவாங்கியே வாங்கவேண்டியிருந்தது. ஆகவே கைகளும் முற்றாக விடுபடவில்லை.

சந்தைப் போட்டி இதனைச் சீர்செய்யும் என்பர். சப்பாத்து வாங்குபவருக்கு அது பொருந்தலாம். இங்கு பொருந்தாது. தோலின் கீழே பதிந்த பகுதி எக்கம்பனியினதோ, வெளியே அணியும் செயலியும் அக்கம்பனியினதாகவே இருத்தல் வேண்டும். கம்பனியை மாற்றுவதெனில் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படவேண்டும். உடலோடு கட்டுண்ட ஒருவரைப் பார்த்து, "விருப்பமில்லையேல் வேறு கடைக்குப் போ" என்பது வாதமன்று, ஏளனம்.

குறுஞ்செய்தி போதாதா என்பார் இன்னொரு சாரார். எழுத்தறியாத பாட்டியின் குரலுக்கும், நள்ளிரவில் வைத்தியசாலையிலிருந்து வரும் அழைப்புக்கும் குறுஞ்செய்தி ஈடாகுமா? கேட்கக்கூடிய ஒருவரை, வாசித்து அமைதிகொள் என்று பணிக்கும் உரிமையை இவர்களுக்கு வழங்கியது யார்?

மாற்று வழி இல்லாமலில்லை. 2022 இல் நிறைவுற்ற புளூடூத் எல்ஈ ஓடியோ விதிமுறை, செவிக்கருவிகளையும் கருத்திற் கொண்டு வகுக்கப்பட்ட பொது முறையாகும். கைத்தொலைபேசிகள் யாவும் செவித்துணைக் கருவிகளுக்கு இயைந்தனவாதல் வேண்டும் என்ற விதியை, 2024 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு ஏற்றது. 1988 இற் போலவே இப்போதும் சட்டத்தின் கை தேவைப்பட்டிருக்கின்றது. எனவே நாம் கோரவேண்டியவை மூன்று. செயலிக்கும் தொலைபேசிக்கும் இடையிலான இணைப்பு முறை எவருக்கும் தனியுடைமையாதல் ஆகாது. தொலைபேசியிற் கேட்பதற்கு இன்றியமையாத கருவியைத் துணைப்பொருள் என்று பெயரிட்டுத் தனிவிலைக்கு விற்றலாகாது. புதிய முறை மலிவான தொலைபேசிகளையும் சென்றடையும்வரை, பழமையானது என்ற காரணங்காட்டிக் கம்பிச்சுருளைக் கைவிடலாகாது. பழைய தொலைபேசியை வைத்திருப்பவர் அதனாலேயே ஊமையாக்கப்படுதல் நீதியன்று.

இது பொறியியலாளரின் விடயம் எனக் கலைப்பீடத்தார் ஒதுங்குவதும் பொருந்தாது. ஒலியைச் செவிக்கு எவ்வாறு கடத்துவது என்பதை அவர்கள் அறிவார்கள். அவ்வழியை யார் தமது உடைமையாக வைத்திருப்பது என்ற வினா சமூகத்துக்குரியது. அதனை எழுப்பும் கடமை நமக்கும் உண்டு.