பேஜ்ஃபைலை ஏத்தினா லேப்டாப் பறக்குமா?

அரசு கொடுத்த லேப்டாப் திணறுதா? 'விர்ச்சுவல் மெமரியை ரேமைப் போல ஒன்றரை மடங்கு வை, பறக்கும்' என்று சொல்லாத சீனியர் கிடையாது. பறக்காது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ செகண்ட், டிஸ்கிலிருந்து சுமார் 10 மில்லி செகண்ட். லட்சம் மடங்கு! காசிமேட்டுக் கரையில் குடோனைப் பெரிசாக்கினால் கடலில் இருக்கிற போட் வேகமாகுமா?

அதுக்காக மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க. மேட்லாப் பாதியில செத்துடும், அதுவும் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிதான். அளவை விண்டோஸிடமே விடுங்க. காசு இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எஸ்எஸ்டி. இல்லையா, லினக்ஸ் போட்டு இசட்ரேம் ஆன் பண்ணுங்க; டிஸ்குக்குப் போகாம ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்.

4 ஜிபி மெஷினை நம்பிப் படிக்கிறவங்களுக்கு 16 ஜிபி கேட்கிற சாஃப்ட்வேரில் அசைன்மென்ட் கொடுத்தா, சாயங்காலமும் லேபைத் திறந்து வைக்கணும்.