காகிதப் பிடியைக் குறை சொல்வோருக்கு

நல்ல கத்திக்கு மரப்பிடிதான் அழகு, கொம்புப்பிடிதான் கௌரவம். காகிதத்தை அடுக்கிப் பிசினில் இறுக்கிய பிடி மலிவுச் சரக்கு என்ற பேச்சு, கத்தி வாங்குகிறவர்களிடமும் செய்கிறவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. காகிதம் நனையும், உடையும், வழுக்கும். எல்லாம் போக அது வெறும் பிளாஸ்டிக் என்கிறார்கள். சமையலறைக் கத்தியைப் பொறுத்தவரை இந்த நான்கில் இரண்டு தவறு. மற்ற இரண்டும் பாதி உண்மை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். லியோ பேக்லண்ட் 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்லைட் பிசினை உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், காகிதத்தையும் துணியையும் அந்தப் பிசினில் தோய்த்து, மின்கடத்தாப் பலகைகளைச் செய்யத் தொடங்கியது. அதன் வணிகப் பெயர் மைக்கார்ட்டா. அங்கே வேலை பார்த்த ஓ'கானரும் ஃபேபரும் 1913-இல் வெளியேறித் தொடங்கிய நிறுவனம்தான் ஃபார்மிகா. செய்முறை இன்றும் அதேதான்: தோய்த்து உலர்த்திய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான அழுத்து எந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். வெளியே வருவது தாள்களின் கட்டு அல்ல, ஒரே கட்டியான பலகை. அதில் தாளைத் தனியே உரிக்க முடியாது.

முதல் குற்றச்சாட்டு: காகிதம் தண்ணீரில் ஊறிவிடும். தாளின் இழைக்குள் பிசின் ஏறி இறுகிய பிறகு, தண்ணீர் புக மிகக் குறைந்த இடமே மிஞ்சுகிறது. அமெரிக்க மின்பொருள் உற்பத்தியாளர் சங்கமான நெமாவின் தர அளவுகளைப் பாருங்கள். சுமார் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டால், முரட்டுத் துணியில் செய்த ‘சி’ தரம் 4.4 சதவீதம் வரை ஈரம் ஏற்கலாம். காகிதத்தில் செய்த ‘எக்ஸ்எக்ஸ்’ தரத்துக்கு எல்லை 2 சதவீதம், ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்’ தரத்துக்கு 1.4. உறுதியானது என்று பலரும் நம்பி வாங்கும் அந்த முரட்டுத் துணிப் பலகையைவிட இந்தக் காகிதப் பலகைகள் குறைவாகவே நனைகின்றன. நம் தச்சர்கள் ஒட்டும் சன்மைக்காவின் பழுப்பு அடிப்பாகமும் இதே காகிதம், இதே பிசின்தான். சன்மைக்கா ஒட்டிய மேசை ஊறிப்போனால், ஊறியது அடியிலுள்ள மரப்பலகை.

கத்திக்கு இது ஏன் முக்கியம்? பிடிக்குள் போகும் எஃகு ஈரத்தால் பருப்பதில்லை. மரம் மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். இரண்டும் ஒன்றாக நகராததால் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அங்கே தண்ணீரும் மீன் கழிவும் வெங்காயச் சாறும் தங்கி, உள்ளே துரு பிடிக்கிறது, ஆணி தளர்கிறது, ஒரு நாள் பிடி ஆடத் தொடங்குகிறது. காகிதப் பலகை ஈரத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. பிசின் வைத்து ஆணி அடித்துச் சரியாக ஒட்டினால், எஃகும் பிடியும் வழவழப்பாக ஒன்றியே இருக்கும்.

இரண்டாவது: காகிதம் உடையும். இதில் பாதி உண்மை உண்டு. அடி தாங்கும் சோதனையில் துணிப் பலகை, காகிதப் பலகையைவிட இரு மடங்குக்கும் மேல் தாங்கும். விறகு பிளக்கவும் தேங்காய் உடைக்கவும் போகிற அரிவாளுக்குக் காகிதப் பிடி வேண்டாம்; துணிப் பலகையே பொருத்தம். ஆனால் காய் நறுக்கும் கத்திக்கும் மீன் அரியும் கத்திக்கும் அந்த வகை அடி விழுவதே இல்லை. அவற்றின் பிடி தாங்க வேண்டியது கையின் இறுக்கத்தை, தினசரிக் கழுவலை, எப்போதாவது தரையில் விழுவதை. அதற்குக் காகிதப் பலகை தாராளமாகப் போதும். சறுக்குப்பலகை விளையாடும் சரிவுத் தளங்களுக்கும், சமையலறை வெட்டுப்பலகைகளுக்கும் அமெரிக்காவில் இதே வகைப் பலகை பயன்படுகிறது. தினமும் கத்திவெட்டு வாங்கும் பலகைக்கே ஏற்றது, கத்தியின் பிடிக்கு ஆகாது என்பது என்ன கணக்கு?

மூன்றாவது: ஈரக் கையில் வழுக்கும். கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்தால் கட்டாயம் வழுக்கும். மெருகேற்றிய கருங்காலியும் வழுக்கும். இங்கே தவறு பொருளில் இல்லை, முடிக்கும் முறையில் இருக்கிறது. 320 அல்லது 400 எண் உப்புத்தாளோடு நிறுத்தி, மெருகுச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டால், பரப்பில் கைக்குப் பிடிமானம் இருக்கும். உள்ளங்கைக்கு நடுவே சற்றுப் பருத்தும், விரல் முன்னே சரியாதபடி முனையில் இறங்கியும் பிடி வடிவம் பெற வேண்டும். பிடியைக் கையில் நிறுத்துவது பெரும்பாலும் வடிவம்தான்.

நான்காவது: இது பிளாஸ்டிக், இயற்கையானது அல்ல. பிசின் செயற்கைதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவான பாலிபுரோப்பிலீன் பிடிகள் சுமார் 160 டிகிரியில் உருகும். அடுப்பின் விளிம்பில் பட்டாலே உருக்குலையும். ஃபீனாலிக் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பலகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் பட்டறையில் யாரும் இதைத் தொடக் கூடாது.

இயற்கை என்று போற்றுகிற பிடிகளின் கணக்கையும் எடுப்போம். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவானது. ஈட்டி, நூக்கு முதலான டால்பெர்ஜியா இனங்கள் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பெயர் வாங்கித்தந்த இந்தியக் கடமான் கொம்பின் ஏற்றுமதியும் நின்றுபோனது. தந்த நிறத்தில் வெஸ்டிங்ஹவுஸ் செய்த காகித மைக்கார்ட்டா, ஒரு யானையையும் கொல்லாமல் அந்த இடத்தை நிரப்பியது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பட்டறை நடத்திய பாப் லவ்லெஸ் போன்ற பெரிய கத்திக் கலைஞர்களே மைக்கார்ட்டா பிடிகளை விரும்பிப் போட்டார்கள். வெளிர் நிறம் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பது அதன் குறை. அதனால் பிடியின் உறுதி குறையாது.

கத்தி செய்யும் கொல்லர்களே, சமையலறைக் கத்தி ஒன்றுக்காவது இந்தப் பலகையைப் போட்டுப் பாருங்கள். வாங்குகிறவர்களே, பிடி எதனால் ஆனது என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். எஃகும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் சிக்காவிட்டால், அது காகிதப் பிடியானாலும் தயங்காமல் வாங்குங்கள்.