பல்கலைக்கழகப் பொறி கடைச்சரக்கு அன்று!

பொறி என்பது அழகுக்காக எழுந்தது அன்று, உறுதிக்காக எழுந்தது. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. அவ்வேடுகள் அனைத்தையும் ஒரு வளையம் கோத்து நிற்கின்றது. அவ்வளையத்தில் புலியும் கயலும் வில்லும் பொறிக்கப்பட்ட அரச முத்திரை அமைந்துள்ளது. முத்திரையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் இயலாது. ஓர் ஏட்டைச் செருகவும் இயலாது. ஏடுகள் பல, பொறி ஒன்று. செதுக்கியவன் எவனாயினும், செதுக்கப்பட்ட சொல்லுக்குப் பொறுப்பாளன் யார் என்பதை அப்பொறி ஊரறியச் சொல்லிற்று.

இந்நாளில் அத்தகைய பொறுப்பைப் பொறியால் ஏற்கும் அமைப்புகளுள் தலையாயது பல்கலைக்கழகம். ஒருவனுக்கு வேலை தரும் மருத்துவமனையோ தொழிற்கூடமோ அவன் எழுதிய தேர்வைக் கண்டதில்லை. அவனுக்குக் கற்பித்தவரையும் கண்டதில்லை. சான்றிதழின் தலைப்பில் உள்ள பொறியைக் கண்டே நம்புகின்றது. அந்நம்பிக்கைக்கு இன்று இருமுனைக் கேடு நேர்ந்துள்ளது. துறைதோறும் ஒரு குறி வரைந்துகொள்ளும் தான்தோன்றித்தனம் ஒன்று. அதைத் திருத்த வந்ததாகச் சொல்லிக்கொண்டு, பொறியை ஒதுக்கிவிட்டு வணிகக்குறியை மேலிருந்து திணிக்கும் கடைக்காரத்தனம் மற்றொன்று.

முன்னதை முதற்கண் காண்போர்க்கு உண்மை விளங்கும். பொறியியல் துறை ஒரு பல்லுருளையை வரைந்துகொள்ளும். வேளாண் துறை ஒரு கதிரை வரைந்துகொள்ளும். மேலாண்மைத் துறை மேல்நோக்கிய அம்பொன்றை வரைந்துகொள்ளும். மடல்தாள் வேறு, பெயர்ப்பலகை வேறு, மலரட்டை வேறு. அத்துறை எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்பது அடியில் பொடி எழுத்தில் கிடக்கும்; அல்லது கிடக்காது. உண்மைத் துறைகளே நூறு முகத்தோடு திரியுமானால், நூற்றொன்றாவது முகத்தோடு போலிக் கழகம் ஒன்று உள்ளே நுழைவதை எவர் கண்டுபிடிப்பார்? ஏமாறுபவர் துறைத்தலைவர் அல்லர். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய எளிய குடும்பத்தார்.

“தனித்தன்மை வேண்டாவா?” என்று துறையினர் கேட்பர். வேண்டும். ஆனால் அது ஆய்வில் வேண்டும், நூலில் வேண்டும், கற்பிப்பில் வேண்டும். ஆக்சுபோர்டிலும் கேம்பிரிட்சிலும் கல்லூரிதோறும் தனிப்பொறி இல்லையா என்பாரும் உளர். உண்டு. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1573-இல் தன் பொறியைப் பெற்ற பின்னும் அதன் கல்லூரிகள் தத்தம் பொறிகளோடே வாழ்கின்றன. ஆனால் அக்கல்லூரிகள் தமக்கென நிலமும் பொருளும் ஆளுமையும் உடைய தன்னாட்சி அமைப்புகள். தம்மைத் தாமே ஆள்பவை. பட்டத்தையோ பல்கலைக்கழகமே வழங்குகின்றது. அங்கே பொறி பலவாக இருப்பதற்கு உண்மையான வேர் உண்டு. வேரே இல்லாத துறை, நேற்று வரைந்த படத்தைக் காட்டி அவ்வுரிமையைக் கேட்பது வாழையடியில் நட்ட கோல் தன்னையும் வாழை என்பது போன்றதே.

எனவே ஒரு பொறி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தப் பொறி, எவர் இசைவோடு என்பதே வினா. இவ்வினாவை மறந்தவர்க்குக் கிட்டிய பாடம் கலிபோர்னியாவில் உள்ளது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1868-இல் தோன்றியது. 10 வளாகங்களைக் கொண்டது. விரித்த நூலும், கதிர்வீசும் விண்மீனும், ஒளியை வேண்டும் தொடரும் கொண்டது அதன் பொறி. அப்பல்கலைக்கழகத்தின் பெயர் மாநிலத்தின் உடைமை என்றும், ஆட்சிக்குழுவின் இசைவின்றி எவரும் அதைக் கையாளலாகாது என்றும் அம்மாநிலக் கல்விச்சட்டமே கூறுகின்றது. பெயர் மக்களுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

அத்தகைய பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம், வளாகங்கள் அனைத்தையும் தழுவிய ஒரே தோற்றம் வேண்டும் என்று சொல்லி, 2012-இல் புதுக்குறி ஒன்றை முன்வைத்தது. நூல் இல்லை, விண்மீன் இல்லை, ஒளி இல்லை. இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குழைத்து, ஒன்றனுள் ஒன்று மங்கி மறைவதுபோல் தீட்டிய வடிவம் அது. பழம்பொறி பட்டச் சான்றிதழில் இருக்கும். புதுக்குறி மக்களிடம் பல்கலைக்கழகத்தை எடுத்துச் சொல்ல உதவும் என்று அலுவலர் அமைதி கூறினர். அந்த அமைதியிலேயே குற்றம் வெளிப்பட்டுவிட்டது. சான்றுக்கு ஒரு முகம், சந்தைக்கு ஒரு முகம் என்றால் அது ஒருமைப்பாடு ஆகுமா? 

மாணவரும் பழைய மாணவரும் பொங்கி எழுந்தனர். 50,000-க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு முறையீட்டில் ஒப்பமிட்டனர். அந்நாளில் அம்மாநிலத் துணை ஆளுநராகவும் ஆட்சிக்குழு உறுப்பினராகவும் இருந்த கேவின் நியூசமும் குறியைக் கைவிடக் கோரினார். 2012 திசம்பர் 14-ஆம் நாள் பல்கலைக்கழகம் அதனை நிறுத்தி வைத்தது. ஒரு படத்திற்கா இத்தனை சினம் என்று வியப்பவர், அதற்கு மூன்று ஆண்டுகட்கு முன், 2009 நவம்பரில், அதே ஆட்சிக்குழு கல்விக் கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்த முடிவெடுத்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டணம் கட்டக் கூப்பிட்டவர்கள், முகத்தை மாற்றுகையில் கூப்பிடவில்லை. மாணவனை வாங்குவோனாகவும் கல்வியைச் சரக்காகவும் எண்ணத் தொடங்கியவர்க்கே பொறி வணிகக்குறியாகத் தோன்றும்.

பழையது என்பதற்காகவே ஒரு பொறியைக் காக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளி 1930-களிலிருந்து மூன்று கதிர்க்கட்டுகளைத் தன் பொறியில் தாங்கியிருந்தது. அவை அப்பள்ளியின் முதற் பேராசிரியர் இருக்கைக்குக் கொடை விட்டுச்சென்ற ஐசக்கு இராயலின் குடும்பக் குறி. அக்குடும்பத்தின் செல்வமோ ஆண்டிகுவாத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் குருதியில் விளைந்தது. மாணவர் கிளர்ந்து கேட்டனர். 2016-இல் அப்பொறி நீக்கப்பட்டது. 2021-இல் புதியது வந்தது. கலிபோர்னியாவில் காத்தவரும் மாணவரே. ஆர்வர்டில் நீக்கியவரும் மாணவரே. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: பொறி அதன் நிழலில் வாழ்வோர்க்கு உரியது. காப்பதாயினும் மாற்றுவதாயினும் அவர்களைக் கேட்டே செய்தல் வேண்டும்.

உரியவர் மக்கள் என்றால், பொறி பேசும் மொழியும் அவர்களுடையதாக இருத்தல் வேண்டும் அன்றோ? கலிபோர்னியப் பொறியின் தொடர் அம்மக்கள் பேசும் ஆங்கிலத்தில் உள்ளது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியைத் தமிழர் உற்று நோக்குக. புலி உண்டு, யானைத்தலை இரண்டு உண்டு, தாமரை உண்டு. அவற்றின் கீழ் உள்ள தொடரோ இலத்தீனில் உள்ளது! பிறவியில் அமைந்த ஆற்றலைக் கல்வி வளர்க்கும் என்னும் நல்ல கருத்து, அங்குப் பயிலும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் விளங்காத உரோமர் மொழியில் அடைபட்டுக் கிடக்கின்றது. புலி தமிழ்நாட்டுப் புலி. அதன் வாயில் வைத்த சொல் மட்டும் அயற்சொல்.

ஆதலின் பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்கது அரிய செயலன்று. பொறி ஒன்றே இருக்கட்டும். அதன் கீழ்த் துறையின் பெயர் ஒரே அளவில், ஒரே எழுத்து வடிவில், படமின்றி நிற்கட்டும். தமிழ்நாட்டில் அப்பெயரும் பொறியின் தொடரும் தமிழில் முதலாவதாக நிற்கட்டும். மாற்றம் வேண்டுமாயின் மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோர் அவையில் வைத்து உசாவி முடிவெடுக்கட்டும். 

செப்பேட்டு வளையம் ஏடுகளைப் பிணித்ததேயன்றி, ஏட்டின் எழுத்தை அழிக்கவில்லை. துறைகளின் அறிவை அழிக்காமல் அவற்றைப் பிணிக்கும் பொறியே பல்கலைக்கழகத்திற்கு வேண்டும். விலைகூறும் குறி கடைத்தெருவிலேயே இருக்கட்டும். கல்விக்கூடத்தின் வாயிலில் உறுதிமொழியே நிற்கட்டும்!