மைலை மாற்ற எதற்கு இவ்வளவு காசு?

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவன் விமான மைல்களைப் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். நான் தினமும் ஏறுவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு யாரும் மைல் தருவதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் போன வருஷம் முழுக்க மைல் பேச்சுதான். காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். சித்தியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடுதான் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஊருக்கு வருவார்கள். யாரோ சொன்னார்கள் என்று நாலு பேர் பேரிலும் ஒரு விமான நிறுவனத்தின் மைல் கணக்கைத் தனித்தனியாகத் திறந்து வைத்தார் சித்தப்பா. போகும்போதும் வரும்போதும் நாலு கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

போன வருஷம் தாத்தாவுக்கு முடியாமல் போனது. சித்தப்பா கிடைத்த டிக்கெட்டை கிடைத்த விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சித்தியும் வரவேண்டும் என்று துடித்தார். தாத்தா சித்திக்கு மாமனார் மட்டுமல்ல, தாய்மாமாவும்கூட. கையில் காசு இல்லை, ஆனால் மைல் இருக்கிறதே! நாலு கணக்கையும் கூட்டினால் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டியது இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு கணக்கிலும் போதவில்லை. சரி, எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றலாம் என்று பார்த்தால் அதற்குக் கட்டணம். எவ்வளவு? கூட்டிப் பார்த்தால் சாதாரண நாளில் ஒரு டிக்கெட் விலை வந்தது!

சித்தி வரவில்லை. தாத்தாவின் காரியத்தை செல்போனில் பார்த்து அழுதார். ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகள் கணக்கில் இருந்த மைல்கள் காலாவதியாகிவிட்டன.

"டேய், நீ பி.காம்தானே படிக்கிற? இது என்ன கணக்குன்னு எனக்குச் சொல்லு" என்று சித்தப்பா போனில் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக நாலு வரி. டீக்கடையில் பத்து டீ குடித்தால் பதினொன்றாவது இலவசம் என்று அட்டை தருவார்கள் இல்லையா, அதேதான் இதுவும். பறக்கிற தூரத்துக்கோ கொடுக்கிற காசுக்கோ ஏற்ப உங்கள் பெயரில் மைல் வரவு வைப்பார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைக்க, மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. இப்போது பறக்காமலேயே கிரெடிட் கார்டு தேய்த்தும் மைல் சேர்க்கலாம்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற என்ன செலவாகும்? உலகமறிந்த ஓர் உதாரணம். அமெரிக்காவின் யுனைட்டெட் நிறுவனம் வெகுகாலம் வைத்திருந்த கட்டணம் ஒவ்வொரு 500 மைலுக்கும் ஏழரை டாலர், அதற்கு மேல் ஒரு முறைக்கு 30 டாலர். 10,000 மைலை மாற்ற வேண்டும் என்றால் 20 தடவை ஏழரை, ஆக 150. அதோடு 30. மொத்தம் 180 டாலர். ஒரு மைலுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல் மதிப்பு என்பது பயணிகள் பொதுவாகப் போடும் கணக்கு. அப்படியென்றால் அந்த 10,000 மைலின் மதிப்பே 100 முதல் 150 டாலர்தான்.

எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். 120 ரூபாய் பால்கோவாவை ராஜபாளையத்தில் இருக்கும் சினேகிதனுக்கு அனுப்ப 180 ரூபாய் கூரியர்! அதிலாவது ஓர் ஆள் வண்டியில் பெட்ரோல் போட்டு எடுத்துக்கொண்டு போகிறான். மைலில் என்ன நகர்கிறது? ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. முதல் வருஷ மாணவன் போடுகிற இரண்டு வரிப் பதிவு, அவ்வளவுதான்.

இதே இரண்டு வரிப் பதிவை நாம் தினமும் யூ.பி.ஐ.யில் செய்கிறோம். கேன்டீனில் பிரெண்டுக்கு 20 ரூபாய் அனுப்பினால் நம்மிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. செலவே இல்லாமல் நடக்கிறது என்று சொல்லவில்லை. அந்தச் செலவை வங்கிகள் ஏற்கின்றன, அரசும் கொஞ்சம் கொடுக்கிறது. ஆனால் ஒரு பரிமாற்றத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு சின்னது என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே 180 டாலர் என்பது வேலைக்கான கூலி இல்லை. பின்னே எதற்கு?

இங்கேதான் நம் பாடம் வருகிறது. நிறுவனம் கொடுக்கும் பாயின்ட் அதன் புத்தகத்தில் ஒரு பொறுப்பு, அதாவது கடன் மாதிரி. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் இந்த் ஏ.எஸ். 115ம் இதைத்தான் சொல்கிறது. வகுப்பில் வரும் மாதிரிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கடை 1,00,000 ரூபாய்க்கு விற்று, கூடவே 10,000 பாயின்ட் தருகிறது. ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்குச் சமம். அதில் 9,500 பாயின்ட்தான் திரும்பி வரும் என்று கடை எதிர்பார்க்கிறது. அப்போது 91,324 ரூபாயை உடனே வருமானமாகக் காட்டலாம். மீதி 8,676 ரூபாய் பொறுப்பாக நிற்கும்.

வராத அந்த 500 பாயின்ட்டைக் கவனியுங்கள். அதற்குக் கடை எதுவும் தரவேண்டியதில்லை. திரும்பி வராத பாயின்ட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு லாபம். எந்த மைல் திரும்பி வராது? சித்தப்பா பிள்ளைகளின் மைல் மாதிரி, டிக்கெட்டுக்கு எட்டாமல் சின்னச் சின்னக் கணக்குகளில் சிதறிக் கிடப்பவைதான். ஒன்று சேர்த்தால் உயிர் பெறும், சேர்க்காவிட்டால் செத்துப்போகும். மாற்றுக் கட்டணம் என்பது அவற்றைச் சேரவிடாமல் நடுவில் எழுப்பிய சுவர். நாம் கட்ட வேண்டும் என்பதற்காக அல்ல, கட்டாமல் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே வைத்த விலை. இது என் கருத்து. ஆனால் கணக்கு இந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

"மைல் உன் சொத்தே இல்லையப்பா, நிறுவனம் தருகிற சலுகை. விதிமுறையில் எழுதியிருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் 2020ல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது என்ன நடந்தது? யுனைட்டெட் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. டெல்டா 900 கோடி டாலர் வாங்கியது. நம் நாட்டில் ஜெட் ஏர்வேஸின் பாயின்ட் திட்டத்தில் பாதிக்குச் சற்று மேல் பங்கை எத்திஹாத் 2014ல் 15 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் விமானங்கள் நின்றுபோன பிறகும் பாயின்ட் வியாபாரம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. நிறுவனம் அடகு வைக்கலாம், விற்கலாம். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தால் மட்டும் தண்டம். இது என்ன நியாயம்?

எதிர்வாதத்தில் நியாயமானது ஒன்று உண்டு. இலவசமாக மாற்றவிட்டால் புரோக்கர்கள் மைலை வாங்கி விற்கும் சந்தை முளைத்துவிடும், களவும் கூடும். ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் இலவச பஸ் பாஸை நான் தம்பியிடம் கொடுக்க முடியாது, அதுவும் சரிதான். ஆனால் பஸ் பாஸுக்கு நான் காசு கொடுக்கவில்லை. சித்தப்பா ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கொடுத்தார்.

புரோக்கரைத் தடுக்கக் கட்டணம்தான் ஒரே வழியா? நம்ம ரயில்வேயைப் பாருங்கள். எங்கள் இரண்டு ஊரிலும் நிற்கிற பொதிகையில் எனக்கு உறுதியான டிக்கெட் இருந்து, நான் போக முடியவில்லை என்றால், 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்து அதை அம்மா, அப்பா, அண்ணன், தங்கச்சி பெயருக்கு மாற்றலாம். உறவுக்குச் சான்று காட்ட வேண்டும், ஒரு தடவைதான் மாற்றலாம். புரோக்கருக்கும் கதவு மூடியாயிற்று, குடும்பத்துக்கும் கதவு திறந்தாயிற்று. புது டிக்கெட் விலையை யாரும் கேட்பதில்லை.

விமான நிறுவனங்களாலும் இது முடியும். எமிரேட்ஸில் குடும்பத்தார் எட்டுப் பேர் வரை ஒரே கணக்கில் மைலைச் சேர்க்கலாம். யுனைட்டெட்டே 2024 மார்ச்சில் ஐந்து பேர் வரை ஒன்றாகச் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைலை மாற்ற விடாது, ஆனால் நீங்கள் குறிப்பிடும் ஐந்து பேருக்கு உங்கள் மைலில் டிக்கெட் எடுக்க விடும். செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது, செய்ய மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் மாற்ற கட்டணம் கூடாது, வெளியாருக்கு என்றால் வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, வெளிநாட்டில் இருக்கிற அண்ணன், மாமாக்களிடம் இரண்டு விஷயம் சொல்லி வைப்பது. ஒன்று, கணக்குத் திறக்கும் முன்பே குடும்பக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். இரண்டு, ஒரே கணக்கில் போதுமான மைல் இருந்தால் மாற்றவே வேண்டாம். அந்தக் கணக்கிலிருந்தே அடுத்தவர் பெயருக்கு டிக்கெட் எடுக்க முடியுமா என்று பாருங்கள், பல நிறுவனங்களில் முடியும்.

சித்தப்பாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரிதான்டா. இதை உங்க சித்திகிட்ட மட்டும் சொல்லாத" என்றார்.